பின்பாதி மட்டும் தெரிஞ்சவன் கடலுக்குப் போன கதை

நான் படிச்சது குறைவு. எவ்வளவு குறைவு எண்டா, பள்ளிக்கூடத்தில என்ட பேரை வெட்டினது எனக்கே கனகாலம் தெரியாது. நானும் போகேல்ல, அவங்களும் தேடேல்ல. ரெண்டு பக்கமும் நிம்மதி.

ஆனா கோவில் விசயத்தில நான் குறை வச்சதில்ல. எங்கட வீடு ஜிந்துப்பிட்டியில. முருகன் கோவில் மணி அடிச்சா எங்கட குசினியில சட்டி மூடி அதிரும். அதனால பக்தி நிறைய இருக்கு, பாட்டுத்தான் இல்ல. ஐயர் என்னமோ சொல்லுவார், முன்னுக்கு நிக்கிற ஆக்கள் கண்ணை மூடி என்னமோ பாடுவாங்க, நான் வாயை மட்டும் அசைச்சுக்கொண்டு வடை எப்ப குடுப்பாங்க எண்டு பார்த்துக்கொண்டு நிப்பன். கடைசியா ஆராவது "வெற்றிவேல் முருகனுக்கு" எண்டு இழுப்பாங்க. அப்ப நான் வருவன். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, குதிக்காலை எம்பி, "அரோகரா!" எண்டு ஒரு சத்தம் வைப்பன் பாருங்க, கூரையில இருக்கிற புறா எல்லாம் அடுத்த தெருவுக்குக் குடிபோயிடும்.

அதுதான் என்ட சமயப் படிப்பு முழுக்க. பின்பாதி. முன்பாதியை எப்பவும் வேற ஆராவது சொல்லுவாங்க. தனியா சாமி கும்பிட வேண்டி வந்தா, திறப்பு இல்லாம பூட்டோட நிக்கிறவன் மாதிரி நிப்பன்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில வளர்ந்தவனுக்கு இன்னொரு பின்பாதியும் தெரியும். மாதா கோவில் திருநாள் வந்தா எங்கட லேன் வரைக்கும் ஸ்பீக்கர் கட்டுவாங்க. ஒரு சிஸ்டர் ஒவ்வொரு பேரா சொல்லச் சொல்ல, சனம் எல்லாம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" எண்டு சொல்லும். நான் வாசல்ல என்ட த்ரீவீல் ஓட்டோவைக் கழுவிக்கொண்டே சேர்ந்து சொல்லுவன். ஆக, ரெண்டு சமயத்திலயும் நான் அரைவாசிதான் பாஸ்.

இந்த அரைவாசி ஒரு நாள் எனக்கு எப்பிடி உதவிச்சு எண்டுதான் சொல்ல வாறன்.

எனக்கு ஒரு பல்லு வலி வந்திச்சு. கொட்டாஞ்சேனையில ஒரு பல் டொக்டர்ட இடத்துக்குப் போனன். அங்க வேலை செய்யிற பொம்பிளைப் பிள்ளை லைட்டை என்ட மூஞ்சிக்கு நேர திருப்பி, "வாயைத் திறவுங்கோ" எண்டு சொன்னா. திறந்தன். அவளைப் பார்த்த பிறகு மூட ஏலாமப் போச்சு. மற்றவங்க பூ குடுத்து லவ் பண்ணுவாங்க, நான் சொத்தைப் பல்லைக் காட்டி லவ் பண்ணினன். வலி போன பிறகும் வலி எண்டு போய்க்கொண்டிருந்தன். கடைசியில டொக்டரே, "தம்பி, இனி பிடுங்க வேற பல்லு இல்ல, நேர கேளும்" எண்டார்.

கேட்டன். அவ சரி எண்டா. ஆனா ஒரு கண்டிசன்: "எங்கட அண்ணை ஓம் எண்டு சொல்ல வேணும்."

அவங்க யாழ்ப்பாணம், இருக்கிறது வெள்ளவத்தையில, படிச்ச ஆக்கள்ட பக்கம். அப்பா இல்ல, அண்ணைதான் எல்லாம். ஒபிஸ் உத்தியோகம், கண்ணாடி, மெல்லமாக் கதைக்கிற ஆள். சத்தம் போடுற ஆக்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும், த்ரீவீல் ஓட்டிப் பழகினது அப்பிடி. மெல்லமாக் கதைக்கிற ஆக்கள் எண்டாத்தான் எனக்கு வேர்க்கும்.

அவங்கட ஃபிளாட்டுக்குப் போனன். பல்கனியில இருத்தினார். முன்னால ரயில் பாதை, அதுக்கு அங்கால கடல். பிளேன்டீ வந்திச்சு. அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தன்.

"தம்பி, நீர் என்ன படிச்சனீர்?"

படிப்புப் பக்கம் கதை போனா நான் முடிஞ்சன். கண்ணுக்கு முன்னால இருந்ததைப் பிடிச்சன்.

"அண்ணை, நாங்க துறைமுகத்துப் பக்கம் ஆக்கள். கடல்தான் எங்கட படிப்பு."

"ஓ! நீர் கடலுக்குப் போறனீரோ?"

"கடல் எண்டா எனக்கு வீட்டு வாசல் மாதிரி அண்ணை."

இது ஒரு பெரிய பொய். நான் கடல்ல அதிகமா இறங்கினது காலி முகத்திடல்ல முழங்கால் வரைக்கும். அதுவும் இறால் வடை கையில இருந்ததால அதுக்கு மேல போகேல்ல.

ஆனா மனுசன்ட முகம் மாறிச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "சின்ன வயசில இருந்து இந்த பல்கனியில இருந்து பார்க்கிறன் தம்பி. ஒரு நாளும் உள்ளுக்குப் போனதில்லை. ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போவீரோ?"

அவ கதவுக்குப் பின்னால நிண்டு எனக்கு மட்டும் தெரியிற மாதிரி தலையை ஆட்டினா. "வேணாம்" எண்டு ஆட்டியிருக்கிறா. நான் "ஓம்" எண்டு விளங்கினன்.

முகத்துவாரம் எண்ட மீன்பிடிப் பக்கத்தில எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான். சொந்தமா ஒரு சின்ன ஃபைபர் போட் வச்சு மீன் பிடிக்கிறவன். அவனிட்டப் போய் விசயத்தைச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சான்.

"நீயா மச்சான் கடல்காரன்? நீ மழைத் தண்ணிக்கே செருப்பைக் கையில எடுக்கிறவனே!"

"என்ட வாழ்க்கைடா."

"சரி, எண்டைக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு அண்டைக்குத்தான் லீவு."

அவன் சிரிப்பை நிப்பாட்டினான். எங்களுக்குக் கோவில் எந்த நாளும். முகத்துவாரத்து ஆக்கள் வேதக்காரர், மாதா கோவில் சனம்; அவங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கடல் இல்ல, பூசை மட்டும்தான். அண்டைக்கு முகத்துவாரத்தில ஒரு போட்டும் இறங்காது. வலையைக் கூடத் தொட மாட்டாங்க. நான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினன். "விடியக் காலமை போய், பூசை முடிய முதல் வந்திடுவம்" எண்டன். அவன்ட அம்மாவுக்குச் சொல்லாம வாறதா ஒத்துக்கொண்டான். அவன் ஏன் யோசிச்சான் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்ல. பிறகு நல்லா விளங்கிச்சு.

ஞாயிறு வந்திச்சு. அண்ணை புது சப்பாத்து, தொப்பி, பினாக்குலர் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நிண்டார். நான் ஒரு ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் போட்டு, சோடாவும், உள்ளுக்கு மீன் வச்ச மாலு பாணும் கொண்டு போனன். கூட்டாளி லைஃப் ஜக்கட் குடுத்தான். அண்ணை வாங்கி எல்லாப் பட்டியையும் ஒழுங்காக் கட்டினார். நான், "எங்களுக்கு இதெல்லாம் என்னத்துக்கு" எண்டு என்டதைக் கீழ போட்டு, அதுக்கு மேல பெட்டியை வச்சு, எஞ்சினுக்குப் பக்கத்தில போய்க் கால் மேல கால் போட்டு இருந்தன். கடல்காரன் எண்டா எஞ்சினுக்குப் பக்கத்திலதானே இருப்பான்.

போட் கிளம்பிச்சு. உண்மையைச் சொன்னா, அருமையா இருந்திச்சு. களனி கங்கைத் தண்ணி மண் நிறத்தில ஓடி வந்து நீலத்தோட சேருற இடத்தில ஒரு கோடு மாதிரி இருக்கும், அதைத் தாண்டிப் போனம். துறைமுகத்துக் கிரேன் எல்லாம் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நிண்டிச்சு. அண்ணை சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொண்டாக் கேட்டார். "தம்பி, அது என்ன பறவை?" "கடல் பறவை அண்ணை." "அந்தக் கப்பல் எங்கத்தையது?" "வெளிநாடு அண்ணை." என்ட ஒரு பதிலும் பிழையாப் போகேல்ல.

அப்ப எஞ்சின் கொர் எண்டிச்சு. பிறகு புஸ் எண்டிச்சு. பிறகு ஒண்டும் சொல்லேல்ல.

எஞ்சின் நிண்ட பிறகுதான் கடல் எவ்வளவு பெரிசு எண்டு தெரியும். அதுவரைக்கும் சத்தத்தில நாங்கதான் பெரிய ஆக்கள். கூட்டாளி கயிறை இழுத்தான், இழுத்தான், இழுத்தான். எண்ணெய் பைப்புக்கு நடுவில ஒரு ரப்பர் குண்டு இருக்கும், அதை அமத்திப் பார்த்தான். கல்லு மாதிரி இருந்திச்சு. "எண்ணெய் நிறைய இருக்கு. போன கிழமையும் இந்தப் பிளக்தான் சனியன் பிடிச்சது" எண்டு பிளக்கைக் கழட்டினான்.

"கோல் எடு மச்சான், ஆரையாவது வரச் சொல்லு" எண்டன்.

எடுத்தான். தம்பிக்கு, மாமாவுக்கு, அடுத்த வீட்டுக்கு. ஒருத்தனும் எடுக்கேல்ல. போனைப் பார்த்தபடி சொன்னான்: "எல்லாரும் பூசையில. எல்லார்ட போனும் ஓஃப்."

அப்பதான் சுத்திப் பார்த்தன். கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு போட் இல்ல. ஒண்டுகூட இல்ல. முகத்துவாரம் முழுக்க முழங்கால்ல நிக்குது. நாங்க மட்டும் கடல்ல. கங்கைத் தண்ணி எங்களை மெல்ல மெல்ல வெளியால தள்ளுது. கரையில இருந்த வீடெல்லாம் நெருப்புப் பெட்டி மாதிரிச் சின்னதாப் போகுது.

அண்ணை என்னைப் பார்த்தார். "தம்பி, இப்பிடி முந்தி நடந்திருக்கோ?"

"இல்ல அண்ணை."

"ஒரு நாளுமோ?"

"முந்தி நான் வந்ததே இல்ல அண்ணை."

எப்பிடி அது வாயில வந்திச்சு எண்டு தெரியாது. பொய் சொல்லுற இடத்தில தண்ணி ஏறியிருக்கும். மனுசன் குனிஞ்சு போட்டுக்குக் கீழ இருந்த தண்ணியைப் பார்த்தார். முகம் வெள்ளையாப் போச்சு. விரல் ரெண்டு பக்கமும் போட் விளிம்பைப் பிடிச்சிருந்திச்சு, நகம் எல்லாம் வெளுத்து. பிறகு நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கிச்சு.

"மூச்சு வருகுதில்லை. இது இறுக்குது" எண்டு சொல்லிச் சொல்லி லைஃப் ஜக்கட் பட்டியைக் கழட்டத் தொடங்கினார். ஒரு பட்டி போச்சு. ரெண்டாவதும் போச்சு. எழும்பப் பார்த்தார். போட் ஒரு பக்கம் சாஞ்சிச்சு.

"இருங்க ஐயா! எழும்பாதீங்க!" எண்டு கூட்டாளி கத்தினான். கத்தக் கத்த அவருக்கு இன்னும் கூடிச்சு. நான் பகிடி விட்டுப் பார்த்தன். "அண்ணை, மாலு பாண் ஒண்டு?" எண்டன். என்னைப் பார்த்த பார்வையில மாலு பாண் தானா வெந்திருக்கும். எனக்கும் கால் நடுங்குது. இந்த மனுசன் விழுந்தா எனக்கு நீந்தத் தெரியாது. அவர் இல்லாம வெள்ளவத்தைக்குப் போய் அந்தப் பிள்ளையிட்ட நான் எந்த வாயால கதைப்பன்? சொத்தைப் பல்லைக் காட்டின அதே வாயாலயா?

கூட்டாளி பிளக்கைத் துடைச்சுக்கொண்டே தன்ட பாட்டில செபம் சொல்லத் தொடங்கினான். பூசைக்குப் போகாம வந்த பயம் அவனுக்கு. சிலுவை போட்டு, புனிதர்மார்ட பேரை ஒவ்வொண்டாச் சொன்னான். ஒரு பேர் சொல்லி நிப்பாட்டினான். என்ட வாய் தன்ட பாட்டில, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" எண்டிச்சு. அடுத்த பேர். நான் திரும்பவும். சத்தியமா நான் யோசிச்சுச் சொல்லேல்ல, ஸ்பீக்கர் சொல்ல வச்சது.

அண்ணை பட்டியில இருந்த கையை அப்பிடியே வச்சுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீர்... நீர் வேதக்காரரோ?"

அவ்வளவு பயத்திலயும் மாப்பிள்ளை விசாரணை விடேல்ல!

"இல்ல அண்ணை, சைவம். லேன் ஸ்பீக்கர்ல கேட்டது."

"அப்ப ஒரு தேவாரம் சொல்லும். எனக்கு... எனக்கு ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை."

"எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணை."

"ஒண்டுமோ?"

"அரோகரா மட்டும்தான் தெரியும். அதுவும் ஆராவது முன்னால சொன்னாத்தான் வரும். நீங்க முன்பாதியைச் சொல்லுங்க, நான் பின்னால வாறன்."

அவர் வாயைத் திறந்தார், காத்துத்தான் வந்திச்சு. திரும்பவும் திறந்தார். "வெற்... வெற்றிவேல்..."

நான் காத்துக்கொண்டிருந்தன். கை ரெண்டும் ரெடி.

"...முருகனுக்கு..."

"அரோகரா!"

அந்தச் சத்தத்தில அவரே துள்ளிப் போனார். பிறகு இன்னொரு தரம் சொன்னார். இந்த முறை ஒரே மூச்சில வந்திச்சு. சொல்லுறதுக்கு மூச்சு வேணும்தானே, அதனால மூச்சை இழுத்தார். அதுக்குப் பிறகு ஊர் ஊராத் தொடங்கினார். "நல்லூர்க் கந்தனுக்கு." அரோகரா. "சன்னிதி முருகனுக்கு." அரோகரா. "கதிர்காமக் கந்தனுக்கு." அரோகரா. ஒவ்வொரு ஊராப் போகப் போக, பஸ்ஸில நல்ல சீட் கிடைச்ச ஆள் மாதிரி மனுசன் இறங்கி இருந்தார். விரல் விளிம்பை விட்டிச்சு. நான் எட்டிப் போய்ப் பட்டியைத் திரும்பக் கட்டினன். தடுக்கேல்ல. திரும்பப் பழைய இடத்திலயே வந்து இருந்து, பெட்டிக்குக் கீழ கிடந்த என்ட ஜக்கட்டையும் வெக்கமில்லாம எடுத்துப் போட்டன்.

எனக்குள்ள நடந்ததை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்ல. கடல் அப்பிடியேதான் இருந்திச்சு. எஞ்சின் செத்துத்தான் கிடந்திச்சு. பயம் போகவும் இல்ல. ஆனா பயம் முதல்ல என்ட நெஞ்சுக்கு மேல ஏறி இருந்திச்சு, பிறகு இறங்கிப் பக்கத்தில வந்து குந்திக்கொண்டது. அப்பிடி எண்டா சமாளிக்கலாம். நாங்க மூண்டு பேர், நாலாவதா பயம், எல்லாருமாச் சேர்ந்து ஒரு போட்டில போறம். அதுக்கு மேல ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். வடைக்குக் காத்து நிண்ட காலம் முழுக்க அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார் எண்டு அண்டைக்குத்தான் எனக்கு முதல் முதலா உறைச்சது.

அவருக்கு ஊர் முடிஞ்சு போச்சு. கொஞ்சம் யோசிச்சார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஜிந்துப்பிட்டி முருகனுக்கு!"

எங்கட கோவில். வெள்ளவத்தை வாயில எங்கட கோவில்! எனக்கு வந்த சந்தோசத்தில கையைத் தூக்கினது பத்தாம, இருந்த இடத்தில இருந்தே எம்பி, "அரோகராஆஆ!" எண்டன். அந்த நேரம் பார்த்துக் கூட்டாளி கயிறை இழுத்தான். எஞ்சின் புர்ர்ர் எண்டு எடுத்திச்சு!

"முருகா!" எண்டு நான். "மாதாவே!" எண்டு அவன். நிம்மதியா மூச்சை விட்டுத் திரும்ப இருந்தன்.

கொஞ்ச நேரத்தில கொர். புஸ்.

கூட்டாளி என்னைப் பார்த்தான். எஞ்சினைப் பார்த்தான். திரும்ப என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கேல்ல.

"மச்சான், எழும்பு."

அரைவாசி எழும்பினன். அவன் குனிஞ்சு எனக்குக் கீழ கையை விட்டு, எஞ்சினுக்குப் போற எண்ணெய் பைப்பை இழுத்தெடுத்தான். நல்லா நசிஞ்சு, அப்பளம் மாதிரித் தட்டையா இருந்திச்சு. நான் இருந்த இடத்தில ஒரு அடையாளமும் இருந்திச்சு, அதைப் பற்றி இங்க கதைக்க விரும்பேல்ல.

"பைப்புக்கு மேல இருந்திருக்கிறாய்டா எருமை! குண்டு வரைக்கும் எண்ணெய் வந்திருக்கு, அங்கால போக உன்ட இது விடேல்ல! நான் பிளக்கைப் போட்டு உயிரை வாங்கிறன்!"

நான் அண்ணையைப் பார்க்கப் பயந்து கடலைப் பார்த்தன். வெள்ளவத்தை பல்கனியில பார்த்த அதே பார்வை. முடிஞ்சுது, பிள்ளையும் இல்ல, பல்லும் இல்ல. அப்ப ஒரு சத்தம் கேட்டிச்சு. திரும்பினன். மனுசன் சிரிக்கிறார். கண்ணாடியைக் கழட்டி, வயித்தைப் பிடிச்சு, கண்ணால தண்ணி வரச் சிரிக்கிறார். மெல்லமாக் கதைக்கிற ஆள் அவ்வளவு சத்தமாச் சிரிப்பார் எண்டு ஆர் கண்டது?

என்னை எஞ்சின் பக்கத்தில இருந்து கலைச்சு முன்னுக்கு ஏத்தினாங்க. அங்க ஒரு பைப்பும் இல்லையா எண்டு கூட்டாளி ரெண்டு தரம் பார்த்தான். வரும்போது வழி முழுக்க அவனுக்கும் எனக்கும் வாக்குவாதம். மாதாதான் காப்பாத்தினது எண்டு அவன், முருகன்தான் என்னைத் தூக்கினது எண்டு நான். அண்ணை தீர்ப்புச் சொன்னார்: "ஆர் எண்டாலும், அந்தப் பாரத்தைத் தூக்கினதே பெரிய புதுமை."

கரையில பூசை முடிஞ்சு சனம் வெள்ளை உடுப்போட வந்துகொண்டிருந்திச்சு. கூட்டாளிட அம்மா குடையோட நிண்டா. வெயிலுக்கு இல்ல. குடை மடக்கியிருந்திச்சு. அவன் ஓடினான், நான் அவனுக்கு முன்னால ஓடினன். மீன் வாங்க நிண்ட ஒரு சிங்கள அம்மா, "மாலு கோ மல்லி?" எண்டு கேட்டா. மீன் எங்க எண்டு. நான் ஈரப் பெட்டியைத் திறந்து மாலு பாணைக் காட்டினன்.

அண்டைக்கு இரவு அவளிட்ட இருந்து கோல் வரும் வரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல. எடுத்த உடனே கேட்டன், "அண்ணை என்ன சொன்னவர்?"

"ஆளுக்குக் கடலும் தெரியாது, தேவாரமும் தெரியாது எண்டார்."

"சரி. விளங்குது."

"பொறுங்கோவன். பொய் சொல்லவும் தெரியாது எண்டார். சொன்னாலும் தானே பிடிபட்டுப் போறான், உனக்குச் சுகம், கட்டு எண்டார்."

கலியாணம் கொட்டாஞ்சேனையில ஒரு மண்டபத்தில நடந்திச்சு. மணவறையில என்னை இருத்தினாங்க. வேட்டி, தலைப்பாகை, மாலை, அவங்கட சனம் ஒரு பக்கம், எங்கட சனம் ஒரு பக்கம், நடுவில புகை. தாலி கையில வந்த உடனே எனக்குப் பழைய நடுக்கம் வந்திட்டுது. மேளம் கெட்டியாக் கொட்டுது, என்ட கை அதுக்கு மேல தாளம் போடுது. முடிச்சு வருதே இல்ல. மூச்சும் வருதில்ல. அவ திரும்பிப் பார்க்கிறா.

தோழனா எனக்குப் பின்னால நிண்டது கூட்டாளி. அவனைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் வந்து குனிஞ்சு, என்ட காதுக்குள்ள மெல்லமா, வழக்கம் போல மெல்லமாச் சொன்னார்:

"வெற்றிவேல் முருகனுக்கு."

என்ட வாய்க்கு மண்டபம் எங்க தெரியும், மணவறை எங்க தெரியும்? தாலியோட ரெண்டு கையையும் தூக்கி, இருந்த இடத்தில இருந்தே எம்பி, "அரோகரா!" எண்டன். மேளம் நிண்டுபோச்சு. ஐயர்ட கையில இருந்த பூ கொட்டுப்பட்டிச்சு. எங்கட பக்கச் சனம் முழுக்கப் பழக்கதோசத்தில எழும்பி அரோகரா போட்டிச்சு. அவ தலையைக் குனிஞ்சு தோள் குலுங்கச் சிரிக்கிறா.

நடுக்கம் எங்க போச்சு எண்டு தெரியாது. அவர் என்ட தோள்ல கையை வச்சு அமத்தினார்.

"இரு மச்சான்," எண்டார். "இஞ்ச பைப் ஒண்டும் இல்லை."

இருந்தன். கட்டினன்.